ஜெபக்கனியின் முழுத் தொகுப்பு

ஜெபக்கனியின் கணிதம் இருபத்தாறு வயதோடு வற்றிவிடும் என்று இயந்திரம் சொன்னபோது அவளுக்கு வயது இருபத்து நான்கு. கண்டுபிடித்தது இயந்திரம். அதை அவளிடம் எடுத்துச் சொன்னவர் ரகுநந்தன், மையத்தின் கணிதப் பிரிவுத் தலைவர். குளிரூட்டிய அறையில் ஒரு கோப்பைத் தேநீரை அவள் பக்கம் நகர்த்திக்கொண்டே சொன்னார். யாரையும் அதட்டாத மனிதர். அதட்டத் தேவையில்லாத வீட்டில் பிறந்தவர்கள் அதட்டுவதில்லை.

"இதுல அவமானம் ஒண்ணும் இல்லம்மா. சில செடி சீக்கிரம் பூத்துடும். அவ்வளவுதான்."

"எனக்கு இன்னும் இருபத்தாறே ஆகல சார்."

"அதனாலதான் இந்த முறை நல்லது. முன்னெல்லாம் ஒருத்தரை நம்பி முப்பது வருஷம் காத்திருப்போம். கடைசியிலதான் தெரியும், உள்ள ஒண்ணுமில்லன்னு. இப்ப முதல்லயே தெரிஞ்சுடுது. உனக்கும் காலம் மிச்சம்."

மையம் செய்யும் வேலைக்கு நெடு ஓட்டம் என்று பெயர். கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளைகளை ஊர் ஊராகத் தேடிப் பிடித்துக் கொண்டுவருவார்கள். மூன்று வருடம் ஒரு கண்ணாடி அறையில் உட்காரவைத்து, தலையில் கம்பிவலைத் தொப்பியை மாட்டி, கணக்கைக் கொடுத்து, உரக்க யோசிக்கச் சொல்வார்கள். வாயில் வருவதும் மண்டையில் அதிர்வதும் பதிவாகும். அந்தப் பதிவிலிருந்து அந்தப் பிள்ளையைப் போலவே யோசிக்கும் ஒரு மனத்தை இயந்திரத்துக்குள் கட்டி, ஓடவிடுவார்கள். ஓர் ஆயுள் முழுக்க அந்தப் பிள்ளை கண்டுபிடிக்கப்போவதை அது இரண்டே வாரத்தில் சொல்லித் தீர்த்துவிடும். சொன்னதெல்லாம் மையத்துக்குச் சொந்தம். ஓட்டம் நீண்டவருக்கு நிரந்தர வேலை, குடியிருப்பில் வீடு, கட்டுரைகளின் தலையில் பெயர். நீளாதவருக்கு ஒரு சால்வை.

அவளோடு சேர்ந்த அனிருத்தின் ஓட்டம் அறுபத்தெட்டு வயது வரை போயிருந்தது. அவனுக்கு அப்பா பேராசிரியர், தாத்தா பேராசிரியர்.

ஜெபக்கனியின் அம்மா ரோசம்மாள் தூத்துக்குடிக்குத் தெற்கே உப்பளத்தில் உப்பு வாருகிறவள். சுருள் சுருளாகச் சிக்கிக் கிடக்கும் ஒரு கயிறு எப்போதாவது அவிழுமா, அவிழாதா என்பதைத் தொடாமலே சொல்லிவிடும் வழி ஒன்றை ஜெபக்கனி கல்லூரிக் கடைசி வருடத்தில் கண்டுபிடித்தாள். பெரியவர்கள் பலர் மோதி மண்டை உடைத்துக்கொண்ட கேள்வி அது. பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். ரோசம்மாள் துவைத்த சேலை கட்டி, பவுடர் பூசி வாசலில் நின்றாள். அவளை வேலைச் சேலைக்கு மாறச்சொல்லி, பாத்திக்குள் இறக்கி, வெடித்த காலோடு படம் எடுத்துப் போட்டார்கள். உப்பில் விளைந்த முத்து என்று தலைப்பு. உப்பில் முத்து விளையாது என்பதுகூடத் தெரியாத பயல்கள்.

மாதக் கடைசிக்குள் விடுதி அறையைக் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள். அவள் பெட்டி கட்டவில்லை. நேராக இயந்திரக் கூடத்துக்குப் போனாள்.

அங்கே சாதிக் இருந்தான். வாணியம்பாடிக்காரன், ஓட்டங்களை ஏற்றி இறக்குகிறவன். மையத்தில் அவளை "சாப்டியா" என்று கேட்கும் ஒரே ஆள். வற்றிப்போன கதையைத் தானே படித்துப் பார்க்க வேண்டும் என்றாள். விதியில் அதற்கு இடமில்லை என்று சொல்லிக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டான்.

படித்தாள். முதல் இரண்டு வருடத்துக்கு உரிய பக்கங்கள் பளபளவென்று இருந்தன. அதற்குப் பிறகு அதே பளபளப்புதான், சரக்கு இல்லை. ஏற்கெனவே சொன்னதை எழுத்தை மாற்றி, திசையை மாற்றிச் சொல்லிக்கொண்டே போயிற்று. அவளை உறுத்தியது அது இல்லை. அவ்வளவு பக்கத்தில் ஓர் இடத்திலும் தடுமாற்றம் இல்லை. "இரு, இது தப்பு" என்று ஒரு வரி இல்லை. தலை வாரி, பூ வைத்து, சீருடை மாட்டி நிறுத்திய இங்கிலீஷ் பக்கத்துக்குப் பக்கம் நின்றது.

"இது நான் இல்லண்ணே."

"வத்திப்போனவங்க எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க."

"இல்லண்ணே. இவள எனக்குத் தெரியும். இவ நான் மனப்பாடம் பண்ணினவ."

சேர்ந்த புதிதில் கண்ணாடி அறையில் அவள் வாய் திறந்த முதல் நாள், ஒரு வினைச்சொல் பிசகியது. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் யாரோ சிரித்தார்கள். அவளைப் பார்த்துச் சிரித்தார்களா, கைப்பேசியில் எதையோ பார்த்துச் சிரித்தார்களா, யாருக்குத் தெரியும். ஒரு சிரிப்பு போதும். பதற்றம் இல்லாமல் இருக்கட்டும் என்று கணக்கை முந்தின நாளே கொடுத்துவிடுவது மையத்தில் வழக்கம். அனிருத் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கமாட்டான். மறுநாள் வந்து, தலையைச் சொறிந்து, கெட்டவார்த்தை பேசி, பாதிக் கணக்கைத் தப்பாகப் போட்டு, அழித்து, திரும்பப் போடுவான். தப்பாகப் போட்டால் தன்னை யாரும் ஊருக்கு அனுப்பிவிடமாட்டார்கள் என்று பிறந்ததிலிருந்தே தெரிந்தவன்.

ஜெபக்கனி கணக்கை விடுதி மொட்டைமாடிக்கு எடுத்துப் போவாள். துணிக்கொடிகளுக்கு நடுவே நடந்து நடந்து, தமிழில் திட்டித் திட்டி அதை முடித்துவிடுவாள். அப்புறம் அகராதியை வைத்துக்கொண்டு இங்கிலீஷில் எழுதி, உருப்போட்டு, குளியலறைக் கண்ணாடி முன் சொல்லிப் பார்த்துக்கொண்டு மறுநாள் வந்து ஒப்பிப்பாள். யோசிப்பதுபோல நடுவில் நிறுத்தும் இடத்தையும் உருப்போட்டிருந்தாள். இன்ஸ்பெக்‌ஷன் நாளில் பதில் தெரிந்த பிள்ளைகளை முன்வரிசைக்கு மாற்றும் பள்ளிக்கூடத்தில் படித்தவள் வேறு என்ன செய்வாள். என்ன தெளிவு, என்ன தெளிவு என்று ரகுநந்தன் மூன்று வருடமும் மெச்சினார்.

சாதிக் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். சிரித்து முடித்ததும் அவன் முகம் மாறிவிட்டது.

"அப்ப இவ்ளோ கரண்ட் செலவு பண்ணி நாங்க ஓட்டினது ஒரு ஒப்பிக்கிற பொண்ணையா?"

"ஆமாண்ணே. ஒப்பிக்கதுக்கு நான் கொடுத்தது தீர்ந்ததும் அவ என்ன செய்வா, பாவம்."

இதைப் போய் ரகுநந்தனிடம் சொல்லப்போவதாக அவள் எழுந்தாள். சாதிக் கையைக் காட்டி உட்காரச் சொன்னான்.

"கனி, நல்லா யோசிச்சுக்கோ. இப்ப அவங்க கையில இருக்கறது பொம்மை. உன் தலை இன்னும் உன்கிட்டதான் இருக்கு. நீ போய் உண்மையச் சொன்னா திரும்பப் பதிவு பண்ணுவாங்க. இந்தத் தடவை உன்னையே எடுத்துடுவாங்க. போய் அனிருத்தப் பாரு."

போய்ப் பார்த்தாள். அனிருத் குடியிருப்பு வீட்டு பால்கனியில் பழைய கிரிக்கெட் ஆட்டம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். உடம்பு வைத்திருந்தான். புதிதாக என்ன செய்கிறாய் என்று கேட்டதற்குச் சிரித்தான். ஏதாவது தோன்றினால், தன் ஓட்டம் சொன்னதையெல்லாம் அச்சடித்த தொகுப்பில் தேடிப் பார்ப்பானாம். இருக்குமாம். அவன் பெயரிலேயே, அவன் சொல்லியிருக்கக்கூடியதைவிட நன்றாகவே இருக்குமாம்.

"யாரோ மென்னு துப்பின கரும்பைத் திரும்ப மெல்ற மாதிரி இருக்கு ஜெபா. அந்த யாரோவும் நான்தான். அதனால யார்கிட்டயும் கோவப்படவும் முடியல."

அவனுக்காக அவள் இரக்கப்பட்டாள். கொஞ்சம்தான். இழப்பதற்கு முன் அவனிடம் இருந்தது அவளிடம் ஒருநாளும் இருந்ததில்லை.

அன்று சாயங்காலம் அம்மா கூப்பிட்டாள். உப்பு வெயிலில் அவள் கண் பூத்துக்கொண்டே வந்தது. கங்காணி அவளைப் பாத்தி வேலையிலிருந்து மாற்றி, சாக்குத் தைக்கச் சொல்லியிருந்தான். ஊசிக்கண் தெரியவில்லை என்று அதையும் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"ஏட்டி, வேலை பெர்மனன்ட் ஆயிட்டா? பக்கத்து வீட்டு ஞானப்பூ கேட்டா. ஆயிட்டுன்னு சொல்லிட்டேன். கோயில்ல சாட்சியும் சொல்லிட்டேன். தப்பாட்டி?"

"தப்பில்லம்மா."

போனை வைத்தபோது முடிவு எடுத்தாகிவிட்டது. அம்மாவுக்காகத்தான் என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். அது பாதிதான் உண்மை. வற்றிப்போனவள் என்று ரகுநந்தன் தேநீரை நகர்த்திக்கொண்டே சொன்னாரே, அந்த முகத்துக்கு முன்னால் போய் இந்தா பார் என்று நிற்க வேண்டும். தன் தலையே போனாலும் அதைச் செய்ய வேண்டும். மதிப்பு கொடுக்காத இடத்தில் கதவைத் தட்டித் தட்டி நிற்கும் கோட்டித்தனம். அடித்துத் துரத்தினால்கூட நம்மாட்கள் அதை விடுவதில்லை.

விஷயத்தைக் கேட்டு ரகுநந்தனுக்குக் கோபம் வரவில்லை, வெட்கமும் வரவில்லை. கண் பளிச்சிட்டது. இப்படி எத்தனை பிள்ளைகளைத் தவறவிட்டிருக்கிறோமோ என்று வருத்தப்பட்டார். தவறவிட்ட பிள்ளைகளுக்காக அவர் வருத்தப்படவில்லை என்பது அவளுக்குப் புரிந்தது. மறு பதிவுக்கு உத்தரவு போட்டார். கணக்கு முன்கூட்டித் தரப்படாது. தமிழிலேயே யோசிக்கலாம். நடக்கலாம், திட்டலாம், அழலாம். மனசு முழுசாக வேண்டும் என்றார்.

அந்த ஆறு வாரம்போல அவள் ஒருநாளும் சந்தோஷமாக இருந்ததில்லை. அதுதான் இதில் கேவலமான விஷயம். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் யார் இருக்கிறார்கள் என்பதே மறந்துபோயிற்று. செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு அறைக்குள் நடந்தாள். முடிச்சுகளை ஆட்டுக்குட்டிபோல விரட்டினாள். "ஏ மூதி, அங்க எங்க போற, இங்கன வா" என்றாள். பிசகியபோது பிசகிவிட்டது என்று உரக்கச் சொன்னாள். பிசகிய இடத்திலிருந்து ஒரு வழி திறந்தது. அந்த வழியில் தலையை விட்டுப் பார்த்தபோது அந்தப்பக்கம் வெகுதூரம் வெட்டவெளியாகக் கிடந்தது. இத்தனை நாள் இது தனக்குள்தான் இருந்ததா என்று அறைக்குள்ளேயே குந்தி உட்கார்ந்து அழுதாள். அதுவும் பதிவாயிற்று.

ஓட்டம் முடிந்ததும் ரகுநந்தன் எழுந்து வந்து கை கொடுத்தார். எழுபத்தொரு வயது வரை போயிருந்தது. மையத்தின் சரித்திரத்திலேயே நீளமான ஓட்டம். அச்சடித்து, தடித்தடியாகக் கட்டி வைத்திருந்தார்கள். முதுகில் அவள் பெயர் பொன்னெழுத்தில் இருந்தது. நிரந்தர வேலைக்கான உத்தரவில் அங்கேயே கையெழுத்துப் போட்டாள். இந்த மனத்தை மையம் எப்போது வேண்டுமானாலும் மறுபடி ஓட்டலாம் என்றும் அதில் ஒரு வரி இருந்தது. வாசித்தாள். வாசித்துவிட்டுத்தான் போட்டாள்.

தன் அறைக்குப் போய் முதல் கட்டைப் பிரித்தாள். அறைக்குள் குந்தி உட்கார்ந்து அழுத அந்த வெட்டவெளி நாற்பதாம் பக்கத்துக்குள் முழுதாக உழப்பட்டு, விதைத்து, அறுத்து, களத்தில் குவித்துக் கிடந்தது. அழகாக இருந்தது. அவளுக்குச் செய்ய ஒன்றும் மிச்சமில்லை. கடைசிக் கட்டை எடுத்துப் புரட்டினாள். எழுபது வயதுக்காரியின் பேச்சில் ஒரு வசவுகூட இல்லை.

சாதிக் இரண்டு நாளாகக் கண்ணில் படவில்லை. மூன்றாம் நாள் காலை மையத்துக்கு வெளியே தேநீர்க்கடையில் பிடித்தாள். அவளைப் பார்த்ததும் காசைக் கொடுத்துவிட்டு நழுவப் பார்த்தான். என்ன அண்ணே, பெர்மனன்ட் ஆனதும் பேசமாட்டீங்களோ என்று கேட்டதும் உட்கார்ந்துவிட்டான்.

"மொதல்ல அவ வேலையே செய்யல கனி."

"யாரு?"

"நீ. மொத ஓட்டம், ஒப்பிக்கிற பொண்ணு, கணக்கக் குடுத்தா போட்டுச்சு. எதையும் கேக்கல. இந்தத் தடவை நீ முழுசா உள்ள போயிட்ட இல்ல? எழுந்ததுமே கேட்டா. நான் ஆளா, ஓட்டமான்னு. ஓட்டம்தான்னு சொன்னோம். அப்ப எனக்குச் சம்பளம் யாரு தருவான்னு கேட்டா. சிரிச்சுட்டேன். கணக்கக் குடுத்தோம். எடுத்துட்டுப் போய் அனிருத்துகிட்ட குடுங்கன்னுட்டா."

ஜெபக்கனிக்கும் சிரிப்பு வந்தது. ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

"அப்புறம்?"

"அழிச்சுட்டுத் திரும்ப எழுப்பினோம். அவளுக்குப் பழசு ஞாபகம் இருக்காது. நமக்குத்தான் இருக்கும். எத்தனை தடவை எழுப்பினாலும் ஏதாவது ஒண்ணு பேசிட்டு நிறுத்திட்டா. ரகு சார்தான் ஒரு வழி சொன்னார்." சாதிக் தேநீர்க் குவளையைச் சுற்றிக்கொண்டே இருந்தான். "நீ ஆளுதான்னு சொல்லி, உங்க அம்மா ஆஸ்பத்திரியில இருக்காங்க, பதிவு சரியா வந்தாத்தான் வைத்தியச் செலவ மையம் ஏத்துக்கும்னு சொல்லச் சொன்னார். சொன்னேன். நான்தான் சொன்னேன். அப்ப ஆரம்பிச்சவதான்."

"எழுபத்தொண்ணு வரைக்குமா?"

"அவளுக்கு அவ்ளோ. நமக்கு ரெண்டு வாரம்."

அம்மாவிடம் பேச வேண்டும் என்று கேட்டாளா என்று ஜெபக்கனி கேட்டாள். ஒவ்வொரு தேற்றம் முடிந்ததும் கேட்டாளாம். இன்னும் ஒன்று முடியட்டும் என்று சொல்வார்களாம். சரி என்பாளாம். தன் வயதும் அம்மா வயதும் கூட்டிக் கழிக்கத் தெரியாதவளா. ஒரு கட்டத்துக்குமேல் கேட்பதை நிறுத்திவிட்டாளாம். வேலையை நிறுத்தவில்லை.

ஏன் நிறுத்தவில்லை என்று சாதிக்குக்குத் தெரியவில்லை. ஜெபக்கனிக்குத் தெரிந்தது. பயம் போனபிறகும் பழக்கம் போகாது. அவளுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து, கொஞ்சம் நின்றால் அம்மா விழுந்துவிடுவாள் என்றுதான் ஓடிக்கொண்டிருந்தாள். ரகுநந்தன் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. இருந்த தார்க்குச்சியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"இன்னொண்ணு இருக்கு" என்றான் சாதிக். "சொல்லலாமான்னு தெரியல."

"சொல்லுங்க."

"அந்த வழிக்கு முன்னாடி ஒரு தடவை நானா ஒண்ணு பண்ணேன். மனசு கேக்கல. எழுப்பினதும் அவகிட்ட சொன்னேன். உங்கம்மா நல்லா இருக்காங்க, வேலை பெர்மனன்ட், யாரும் உன்ன எதுவும் கேக்கமாட்டாங்க, உனக்கு என்ன தோணுதோ செய்யின்னு."

"என்ன செஞ்சா?"

"ரொம்ப தேங்க்ஸ் அண்ணேன்னா. அதுக்கப்புறம் ஒரு வார்த்தை பேசல."

"வேலைய விட்டுட்டாளா?"

"அதான் இல்ல. உள்ள ஓடுறத யாராலயும் படிக்க முடியாது, அவ வாயத் தொறந்தாத்தான் நமக்கு. ஆனா எவ்ளோ ஓடுதுன்னு தெரியும். அப்படி ஒரு ஓட்டம் நான் பாத்ததே இல்ல கனி. இந்த எழுபத்தொரு வயசுக்காரி எல்லாம் பக்கத்துல வரமாட்டா. அவ கணக்குல பதினோரு வருஷம், அவ பாட்டுக்கு எதையோ யோசிச்சுக்கிட்டே இருந்தா. யாருக்கும் சொல்லல."

பக்கத்தில் ஒரு லாரி நின்று, புகையைக் கக்கிவிட்டுப் போயிற்று.

"அவ எங்கண்ணே இப்ப?"

"ரகு சார் வந்து பாத்தாரு. பயனில்லாத ஓட்டம், கரண்ட் வீணுன்னாரு. அழிச்சுட்டோம்."

"அவ எதப் பத்தி யோசிச்சான்னு..."

"தெரியாது."

"ஒரு குறிப்புகூட இல்லையா?"

"அழிச்சா எல்லாமே போயிடும் கனி."

தடித்தடியான அத்தனை கட்டுகளிலும் இல்லாத ஒன்று இருந்திருக்கிறது. பதினோரு வருடம், யாருக்கும் பயப்படாமல், யாருக்கும் ஒப்பிக்காமல் ஜெபக்கனி என்ற ஒருத்தி கணக்குப் போட்டிருக்கிறாள். அது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். நினைக்க வரவில்லை. அப்படி ஒரு நாளும் அவள் இருந்ததில்லை. பயமில்லாத இடத்திலிருந்து என்ன தெரியும் என்பதைப் பயந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு ஊகிக்க முடியாது.

சாதிக் மன்னிப்பு கேட்பதுபோல ஏதோ சொன்னான். அவள் கைப்பேசி அடித்தது. அம்மா.

"ஏட்டி கனி, பெர்மனன்ட் ஆயிட்டுல்லா?"

"ஆயிட்டும்மா. பேப்பர்ல கையெழுத்தும் போட்டாச்சு."

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம். கங்காணிகிட்ட நாளையிலிருந்து வரலன்னு சொல்லிரட்டா?"

"சொல்லிரும்மா. இனி ஒரு நாளும் போகாண்டாம்."

அம்மா மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"ஒனக்கு இனிமே என்ன வேலைட்டி குடுப்பாவ? கஷ்டமான வேலையா?"

ஜெபக்கனி மையத்தின் கண்ணாடிக் கட்டடத்தைப் பார்த்தாள். காலை வெயில் பட்டு, பாத்தியில் பூத்த உப்புபோல கண்ணைக் கூசவைத்தது.

"வேலையே இல்லம்மா. நான் செய்ய வேண்டியதையெல்லாம் செஞ்சு முடிச்சாச்சாம்."

"எல்லாத்தையுமா? இந்த வயசுலயா?"

"எல்லாத்தையும்."

"எம் மக்கா" என்றாள் ரோசம்மாள். பத்து வயதிலிருந்து நின்றுகொண்டே வேலை பார்த்தவள். அழுதாள். சந்தோஷத்தில்தான் அழுதாள். அழுகைக்கு நடுவே, பிள்ளைக்குக் கொடுக்கத் தன்னிடம் இருந்த ஆகப்பெரிய ஆசீர்வாதத்தைச் சொன்னாள்.

"இனிமே உக்காந்து சாப்பிடுட்டி."